பல்கலைக்கழகமும் கடைத்தெருவும்: வன்னியில் ஆய்வுக்கும் பயிற்சிக்குமான கூட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் கடை நடத்துவோர், கூட்டுறவுச் சங்கப் பொது முகாமையாளர்கள், விரிவுரையாளர்கள், பயிற்சிக்கு இடம் தேடும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. தேர்தல் வரைபடத்தில் கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோடு சேர்ந்திருந்தாலும், சந்தைக் கணக்கில் அது வன்னியின் பகுதிதான் என்பதால் அதையும் சேர்த்தே பேசுகிறோம்.

கடை நடத்துவது அனுபவத்தால் வருவது. அதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முப்பது வருடம் கல்லாவில் இருந்தவருக்கு, எந்த வாடிக்கையாளர் எந்த மாதம் கடன் கேட்பார் என்பது எந்தப் பாடநூலையும் விட நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அறிவு அவருடைய தலைக்குள்ளேயே இருக்கிறது. அவர் ஒரு வாரம் நோயில் படுத்தால் கடையும் சேர்ந்து படுத்துவிடுகிறது. அந்த அறிவை எழுத்துக்கும் எண்ணுக்கும் கொண்டுவருவதும், அது எங்கே சரி, எங்கே பழக்கத்தால் வந்த தவறு என்று சோதிப்பதும்தான் பல்கலைக்கழகத்தின் வேலை.

இது புதிய எண்ணமும் அல்ல. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1905ஆம் ஆண்டிலேயே லூசிண்டா பிரின்ஸ் என்ற பெண்மணி கடைகளில் விற்பனை செய்யும் பெண்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் சில்லறை வணிகத்துக்கென்றே ஓர் ஆய்விதழ் 1925இல் தொடங்கி இன்றும் வெளிவருகிறது. வோல்மார்ட் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஆர்கன்சா மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில், வானொலி அலையால் பொருளை அடையாளங்காணும் சில்லுகளை ஆராய 2005இல் ஓர் ஆய்வுகூடம் அமைந்தது. சில்லு பயன்படுத்திய கடைகளையும் பயன்படுத்தாத கடைகளையும் ஒப்பிட்டபோது, தட்டில் பொருள் தீர்ந்துபோகும் நிகழ்வு முதல்வகைக் கடைகளில் 16 சதவீதம் குறைந்தது என்று அந்த ஆய்வுகூடம் கண்டது. அந்தக் கூடம் 2014இல் ஓபர்ன் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது.

கடைக் கணக்கு கடைக்கு மட்டுந்தான் பயன்படும் என்றும் நினைக்க வேண்டியதில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கடை வாடிக்கையாளர் அட்டைகளில் பதிவான கொள்வனவுகளை அவர்களின் சம்மதத்தோடு பெற்றுப் பார்த்தது. சூலகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்கள், அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பிருந்தே வலி மாத்திரையையும் அஜீரண மருந்தையும் வழமையைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். வைத்தியருக்குத் தெரிவதற்கு முன் கடைப் பில்லுக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே யாரை அணுகுவது?

முதலில் வவுனியா பல்கலைக்கழகம். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்த நிறுவனம் பம்பைமடுவில் இருக்கிறது. கடைகளுக்கு நெருக்கமானது வணிகக் கற்கைகள் பீடம். ஆனால் பில் இயந்திரம், இருப்புக் கணக்கு மென்பொருள், எதிர்வுகூறல் போன்றவற்றுக்குப் பிரயோக விஞ்ஞான பீடத்தையும் தொழில்நுட்பவியல் கற்கைகள் பீடத்தையும் நாடுவது நல்லது. கடைக்காரர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கிளிநொச்சி அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், பொறியியல் பீடம், தொழில்நுட்ப பீடம் ஆகிய மூன்றும் அங்கே இயங்குகின்றன. மரக்கறி, பழம், பால், அரிசி விற்பவர்களுக்கு வணிக பீடத்தைவிட விவசாய பீடமே பல வேளைகளில் உதவும். அதே அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும், வவுனியாவில் உயர் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. பட்டதாரி தேவையில்லை, கைதேர்ந்த ஒருவர் போதும் என்ற இடத்தில் இவையே பொருத்தம்.

யாருக்குக் கடிதம் எழுதுவது என்று தடுமாறினால், பல்கலைக்கழகத்தின் வணிக இணைப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். உலக வங்கியின் நிதியுதவியோடு 2017 முதல் 2023 வரை நடந்த உயர்கல்வி மேம்பாட்டுத் திட்டத்தின் காலத்தில் இத்தகைய பிரிவுகள் அரச பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்றன. கடிதத்தின் பிரதி ஒன்றைப் பீடாதிபதிக்கும் அனுப்புவது, மேசையிலிருந்து மேசைக்குக் கடிதம் நகரும் காலத்தைக் குறைக்கும்.

என்னுடையது ஒரு பலசரக்குக் கடை. இரண்டு பேர்தான் வேலைக்கு. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். வன்னியில் சில்லறை வணிகம் என்றால் அது பெரும்பாலும் உங்களைப் போன்ற கடைதான். பல்கலைக்கழகங்கள் கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகளோடு கைகோக்க விரும்புவதற்குக் காரணம், அங்கே மனிதவளப் பிரிவு என்று ஒன்று இருப்பதும் ஒரு மின்னஞ்சலில் காரியம் முடிவதுமே. ஒரு கடையில் ஒரு மாணவரை வைத்து மேற்பார்வை செய்வது விரிவுரையாளருக்குச் சிரமம். ஆகவே ஒரே சந்தையில் இருக்கும் ஐந்தாறு கடைகள் சேர்ந்து, வர்த்தகர் சங்கத்தின் ஊடாக, ஒரு குழுவாக மாணவர்களைக் கேட்பது நடைமுறைக்கு ஏற்றது. மாங்குளத்திலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இது ஒரு பின்னேரச் சந்திப்பில் முடிவாகக்கூடிய விடயம்.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1957இல் நாடு முழுவதும் உருவாக்கப்பட்ட இச்சங்கங்கள் இன்றும் வன்னிக் கிராமங்களில் கிளைக்கடைகளையும் எரிபொருள் நிரப்பு நிலையங்களையும் நடத்துகின்றன. ஓர் ஆய்வாளருக்குத் தேவையானது பல கிளைகள், ஒரே நிர்வாகம், ஒப்பிடக்கூடிய கணக்குகள் ஆகியவையே. மூன்றும் இங்கே இருக்கின்றன. ஒரு கிளையில் புதிய முறையைச் செய்துபார்த்து மற்றக் கிளையோடு ஒப்பிடலாம். ஆர்கன்சாவில் செய்ததும் அடிப்படையில் இதுதான். இருந்தும் கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வுக் களமாக எடுக்கும் மாணவர்கள் குறைவு. அறிக்கையின் முதற்பக்கத்தில் கம்பனியின் பெயர் இருந்தால் வேலை கிடைக்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்பது எமது கணிப்பு.

எந்தக் கேள்வியை ஆய்வுக்குக் கொடுப்பது?

"வாடிக்கையாளர் திருப்தியைப் பாதிக்கும் காரணிகள்" என்ற தலைப்பைக் கொடுக்க வேண்டாம். அந்தத் தலைப்பில் எழுதப்பட்ட அறிக்கைகள் போதுமான அளவு அலுமாரிகளில் இருக்கின்றன. இரவில் கல்லாவைப் பூட்டும்போது உங்கள் மனத்தில் ஓடும் கேள்வியைக் கொடுங்கள்.

வன்னிக் கடையின் மிகப் பெரிய கேள்வி கடன் கொப்பியில் இருக்கிறது. பெரும்போகம் விதைக்கும் ஐப்பசியிலிருந்து அறுவடை முடியும் மாசி, பங்குனி வரை விவசாயக் குடும்பம் கடனுக்கு வாங்குகிறது. நெல்லு விற்றதும் கொப்பி வெட்டப்படுகிறது. நகரத்துக் கணக்கியல் பாடத்தில் கடனை முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று வயது பிரித்து, தொண்ணூறைத் தாண்டியதைச் சந்தேகக் கடன் என்பார்கள். அந்த அளவுகோலை இங்கே அப்படியே வைத்தால் மாசியில் கடையின் கடனில் கணிசமான பகுதி சந்தேகக் கடனாகிவிடும். உண்மையில் அது பங்குனியில் வந்து சேரும் காசு. ஆனால் மழை பிழைத்த வருடத்தில் வராது. ஆகவே நாளால் அல்லாமல் போகத்தால் வயது பிரிக்கும் ஒரு முறையை உருவாக்குவதும், எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு எல்லைவரை கொடுத்தால் ஒரு போகம் பிழைத்தாலும் கடை நிற்கும் என்று கணக்கிடுவதும், கணக்கியல் மாணவர் ஒருவருக்கு நல்ல ஆய்வு. இதற்குரிய விடை எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் இல்லை.

பருவகால விற்பனை அடுத்தது. பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி ஆகியவை எல்லோருக்கும் தெரியும். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கும், ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கும் வரும் சனத்துக்கு எவ்வளவு தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கற்றும் மெழுகுதிரியும் ஏற்றி வைப்பது என்பதை இன்றும் ஊகத்தில்தான் செய்கிறோம். மூன்று வருடப் பில்கள் இருந்தால் அந்த ஊகத்தைக் கணிப்பாக மாற்றலாம்.

பிறகு மரக்கறி. கிளிநொச்சியில் பறித்த கத்தரிக்காய் ஏ9 வீதியால் தம்புள்ளைக்குப் போய், அங்கே கைமாறி, அதே வீதியால் வவுனியாக் கடைக்குத் திரும்பி வருவதைக் கண்டிருக்கிறோம். போக்குவரத்துக் கூலி இருமுறை, தரகு இருமுறை, நசிவும் இருமுறை. அறுவடைக்குப் பின் நாட்டில் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நேரடியாகக் கமக்காரரிடமிருந்து வாங்கினால் என்ன என்று உடனே கேட்கலாம். தம்புள்ளை இருப்பதற்கும் காரணம் உண்டு: அங்கே எல்லா நாளும் எல்லா வகையும் கிடைக்கும், விலை தெரியும், காசு கையில் வரும். எந்தப் பயிரை நேரடியாக வாங்கினால் இலாபம், எதைத் தம்புள்ளை வழியாக வாங்குவதே மலிவு என்று பயிர் வாரியாகப் பிரித்துச் சொல்லும் ஆய்வே பயனுள்ளது. எல்லாவற்றையும் நேரடியாக வாங்கச் சொல்வது மேடைப் பேச்சு.

கணக்குப் போட்டு ஒரு கடைக்கு என்ன சொல்லிவிட முடியும்? ஓர் உதாரணம் தர முடியுமா?

தயிர்ச் சட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. கொள்விலை 80 ரூபாய், விற்பனை விலை 100 ரூபாய், அன்று விற்காதது வீண் என்று வையுங்கள். ஒரு சட்டி கூடுதலாக விற்றால் 20 ரூபாய் இலாபம். ஒரு சட்டி மிஞ்சினால் 80 ரூபாய் நட்டம். பத்திரிகை விற்பவர் கணக்கு என்று அழைக்கப்படும் முறைப்படி, 20ஐ 20உம் 80உம் சேர்ந்த 100ஆல் வகுத்தால் ஐந்தில் ஒன்று வரும். எடுத்த தயிர் எல்லோருக்கும் போதுமாக இருக்க வேண்டிய நாட்களின் பங்கு அது. அதாவது, ஐந்து நாளில் நான்கு நாள் தயிர் தீர்ந்துபோகும் அளவுக்குத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலான முதலாளிமார் இதைக் கேட்டதும் மறுப்பார்கள்.

மிஞ்சியதை மறுநாள் 40 ரூபாய்க்குக் கழித்து விற்க முடியுமென்றால் நட்டம் 40ஆகக் குறையும். விடை மூன்றில் ஒன்றாகும். அப்போது மூன்று நாளில் இரண்டு நாள் தீர்ந்துபோகலாம். மிஞ்சியதை வழங்குபவரே முழு விலைக்குத் திருப்பி எடுப்பாரென்றால் நட்டமே இல்லை. தட்டு நிறைய வைக்கலாம். ஆகவே திருப்பி எடுப்பது பற்றி வழங்குபவரோடு பேசுவது, விலையில் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேசுவதைவிடப் பெறுமதியானதாக இருக்கக்கூடும்.

இனி முதலாளியின் மறுப்புக்கு வருவோம். "தயிர் இல்லை என்றால் அந்த அம்மா அரிசியும் பருப்பும் சேர்த்து அடுத்த கடையில் வாங்குவார்" என்று அவர் சொல்வார். அவர் சொல்வது சரி. அந்த அம்மா திரும்பிப் போவதால் மொத்தம் 80 ரூபாய் இலாபம் போகிறதென்றால், 80ஐ 160ஆல் வகுக்க வேண்டும், விடை பாதி. இப்போது எடுக்க வேண்டிய அளவு பெரிதும் கூடிவிடுகிறது. சூத்திரம் மாணவரிடமிருந்து வந்தது; அதில் போடவேண்டிய சரியான எண் கல்லாவிலிருந்து வந்தது. கூட்டு என்று நாம் சொல்வது இதைத்தான்.

கணினி இல்லாத கடையிலும் அளக்கலாம். மணிக்கு 40 பேர் வருகிறார்கள், ஒருவர் சராசரியாக 9 நிமிடம் கடைக்குள் இருக்கிறார் என்றால், எந்த நேரமும் சராசரியாக 6 பேர் உள்ளே இருப்பார்கள். ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய இந்த விதிக்குக் கைக்கடிகாரமும் ஒரு கொப்பியும் போதும். ஆறு பேருக்கு இடமில்லாத கடையில் ஏன் சனம் வாசலோடு திரும்புகிறது என்பதற்கு வேறு ஆய்வு தேவையில்லை.

பயிற்சிக்கு வரும் மாணவர் கடையில் என்ன செய்வார்? சாமான் அடுக்கச் சொல்லலாமா?

சொல்லலாம், முதல் இரண்டு வாரம் சொல்லத்தான் வேண்டும். லொறியிலிருந்து இறக்கி, திகதி பார்த்து, முதலில் வந்ததை முன்னுக்கு வைத்து அடுக்காதவருக்கு இருப்புக் கணக்கு விளங்காது. பொஸ்டன் பள்ளி முதல் இன்றைய ஜேர்மனி வரை இந்த விடயத்தில் எல்லோரும் ஒரே கருத்து. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் 1974இல் தொடங்கி 2009இல் பல்கலைக்கழகமாக மாறிய இருமுறைக் கல்வியில், வணிகம் படிக்கும் மாணவர் ஏறத்தாழ மூன்று மாதம் வகுப்பிலும் மூன்று மாதம் நிறுவனத்திலும் மாறி மாறி இருக்கிறார். நிறுவனத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வேலையின் படி ஒன்று ஏறுகிறது.

அந்தக் கடைசி வசனந்தான் எமது நாட்டில் தவறவிடப்படுவது. பயிற்சிக் காலம் முழுவதும் பொதி தூக்கவும் தேநீர் வாங்கவும் மட்டும் அனுப்பப்பட்ட ஒரு மாணவி, முடிவில் "மிகச் சிறப்பு" என்று முத்திரை குத்திய சான்றிதழோடு திரும்பி வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். மேற்பார்வை செய்ய வேண்டியவரும் ஒருமுறைதான் தொலைபேசியில் பேசியிருந்தார். பிழை இரு பக்கமும் இருந்தது. இதைத் தவிர்க்க, முதல் இரண்டு வாரம் தட்டிலும் களஞ்சியத்திலும், அடுத்த மாதம் பில்லிலும் கொள்வனவிலும், அதன் பிறகு ஒப்புக்கொண்ட ஆய்வுக் கேள்வியில் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாணவரும் நாட்குறிப்பு ஒன்றை எழுதி, வாரம் ஒருமுறை முதலாளியிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது நல்லது. வாசிக்க நேரமில்லாத முதலாளி கையெழுத்துப் போடும்போதாவது ஒரு வரியைப் பார்ப்பார்.

வேலை நேரம், கொடுப்பனவு எப்படி?

கடை மற்றும் அலுவலக ஊழியர்கள் சட்டம், 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம், ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை வைக்கிறது. பயிலுநருக்கும் அதையே எல்லையாகக் கொள்ளுங்கள். கொடுப்பனவு பற்றி இரு தரப்பும் பேசித் தீர்மானிக்கலாம். ஆனால் பஸ் காசும் மதியச் சாப்பாடும் குறைந்தபட்சம். ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்குத் தினமும் வந்துபோகும் பிள்ளைக்கு அந்தக் காசு சிறியதல்ல. பயிற்சி முடிந்து வேலைக்கு எடுத்தால், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் 3 சதவீதமும் செலுத்த வேண்டும்.

ஏற்கனவே கடையில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கிடைக்குமா?

கிடைக்கும். கூட்டு என்றால் மாணவர் கடைக்கு வருவது மட்டுமென்று பலர் எண்ணுகிறார்கள். கடை ஊழியர் வகுப்புக்குப் போவதும் அதில் அடங்கும். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டு, போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, பிறகு பத்துப் பதினைந்து வருடம் ஒரே கடையில் நின்று எல்லாம் கற்றுக்கொண்ட ஒருவருக்குக் காட்ட ஒரு தாளும் இருப்பதில்லை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் தேசிய தொழிற்றகைமை முறையில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு ஒப்பானது. முன்பு கற்றதை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் வழியும் அதில் இருக்கிறது. பல்கலைக்கழகம் செய்யக்கூடியது, இத்தகையவர்களுக்குப் பின்னேரத்திலோ கடை பூட்டும் நாளிலோ கணக்குப் பதிவு, உணவுச் சுகாதாரம், கணினி ஆகியவற்றில் குறுகிய வகுப்புகள் நடத்துவது. காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு ஊழியர்கள் வரவில்லை என்று குறை சொல்வதில் பயனில்லை.

கடன் கொப்பியை வெளியாருக்குக் காட்டுவது சரியா? ஊரில் மானம் போகாதா?

இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இதுவாக இருக்கலாம். யார் எவ்வளவு கடன் என்பது சிறிய ஊரில் வெளியே போனால், ஒரு குடும்பம் அந்தக் கடைக்கு மட்டுமல்ல, கோவிலுக்குப் போகவே கூசும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் இதையொட்டியதே: ஒரு காரணத்துக்காகப் பெற்ற ஒருவரின் விபரத்தை வேறு காரணத்துக்கு நினைத்தபடி பயன்படுத்தக்கூடாது.

ஆகவே கொப்பியை மாணவரிடம் கொடுக்க வேண்டாம். கடைக்காரரே, அல்லது அவர் நம்பும் ஒருவரே, பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணைப் போட்டுப் புதிய தாளில் பெயர்த்து எழுதட்டும். எந்த எண் எந்தப் பெயர் என்ற பட்டியல் கடையை விட்டு வெளியே போகக்கூடாது. ஊரின் பெயர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினால் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், தேவையற்ற விபரத்தை விட்டுவிட வேண்டும். வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கேள்வி கேட்பதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும். அதைக் கடை முதலாளி கேட்கக்கூடாது. கடன் கொடுத்தவர் கேட்டால் மறுக்க யாருக்கும் வாய் வராது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டும்படி நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

மொழி ஒரு தடையாகாதா?

வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பது ஆங்கிலத்தில். அங்கே சிங்கள மாணவர்களும் கணிசமாகப் படிக்கிறார்கள். கடைத்தெரு பேசுவது தமிழில்; கொழும்பு, தம்புள்ளை வியாபாரத்தில் சிங்களமும் வேண்டும்; மென்பொருள் ஆங்கிலத்தில் இருக்கிறது. எமது யோசனை, ஒரு தமிழ் மாணவரையும் ஒரு சிங்கள மாணவரையும் இணையாக அனுப்புவது. தம்புள்ளை மொத்த வியாபாரியோடு பேசவேண்டிய நாளில் முதலாளிக்கே அதன் பயன் விளங்கும். அந்தச் சிங்கள மாணவரும் நான்கு மாதத்தில் தராசைப் பார்த்துத் தமிழில் விலை சொல்லப் பழகிவிடுவார்.

அறிக்கை விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு எண்பது பக்க ஆங்கில அறிக்கை போகட்டும். கடைக்கு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் வரவேண்டும். மாணவர் அதைக் கையில் கொண்டுவந்து, கடையில் இருந்து, வாசித்து விளக்க வேண்டும். அதற்கும் புள்ளி வழங்கும்படி பீடத்தைக் கேளுங்கள். புள்ளி இல்லாத வேலை நடக்காது.

புரிந்துணர்வு உடன்படிக்கையில் என்ன எழுத வேண்டும்?

படமெடுத்துப் பத்திரிகையில் போடுவதற்கான உடன்படிக்கை வேறு. வேலை நடப்பதற்கான உடன்படிக்கை வேறு. பின்னதற்கு இரண்டு பக்கம் போதும். ஆய்வுக் கேள்வி என்ன, மாணவர் எத்தனை பேர், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, கடையில் பொறுப்பானவர் யார், பீடத்தில் பொறுப்பானவர் யார், விரிவுரையாளர் எத்தனை முறை நேரில் வருவார், எந்தக் கணக்குக் காட்டப்படும், எது காட்டப்படாது, வெளியிடும்போது கடையின் பெயர் வருமா வராதா, ஒருவர் விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பன தெளிவாக இருக்க வேண்டும். மாணவர் ஒரு மென்பொருளையோ பொதிசெய்யும் முறையையோ உருவாக்கினால் அது யாருக்குச் சொந்தம் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறதுதான். ஆனால் பம்பைமடுவுக்கும் கடைத்தெருவுக்கும் இடையிலான பிரச்சினையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக யாருக்கும் காசும் இல்லை, காலமும் இல்லை.

செலவை யார் ஏற்பது?

சிறிய ஆய்வுக்குச் செலவு பெரும்பாலும் பயணமும் அச்சுமே. அதைக் கடைகள் பகிர்ந்துகொள்ளலாம். பெரியதாகச் செய்ய விரும்புவோர் பிரித்தானியாவில் 1975இல் வேறு பெயரில் தொடங்கி 2003 முதல் அறிவுப் பரிமாற்றக் கூட்டு என்று வழங்கும் திட்டத்தைப் பார்க்கலாம். அங்கே ஒரு பட்டதாரி நிறுவனத்தில் முழுநேரமாக ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்கிறார். பல்கலைக்கழகம் அவரை வழிநடத்துகிறது. செலவின் ஒரு பகுதியை அரசும் மறுபகுதியை நிறுவனமும் ஏற்கின்றன. வன்னியில் ஒரு தனிக் கடையால் இது முடியாது. மாவட்டத்திலுள்ள கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்தால் ஒரு பட்டதாரியை ஒரு வருடம் வைத்திருப்பது முடியாத காரியமல்ல.

சுப்பர் மார்க்கெட் கிளைகளோடு கூட்டுச் சேர முடியாதா?

முடியும். பயிற்சிக்கு அவை நல்ல இடம். ஒழுங்கு, குளிரூட்டல், பார்கோட், காலாவதித் திகதிக் கட்டுப்பாடு எல்லாம் அங்கே கற்கலாம். ஆய்வுக்கு அனுமதி பெறுவதுதான் கடினம். கிளை முகாமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விற்பனைக் கணக்கு கொழும்புத் தலைமை அலுவலகத்தின் உடைமை. ஆறு மாதம் முன்னதாகவே அங்கே எழுத வேண்டும்.

எப்போது தொடங்குவது நல்லது?

பல்கலைக்கழகத்துக்கு அரையாண்டு, கடைக்குப் போகம். இரண்டும் ஒத்துப்போவதில்லை. கடன் பற்றிய ஆய்வென்றால் ஐப்பசிக்கு முன் தொடங்கிச் சித்திரை கழியும் வரை ஓடவேண்டும். நான்கு மாதத்தில் முடித்தால் கடன் ஏறுவதை மட்டும் பார்த்து, இறங்குவதைப் பார்க்காமல் போய்விடும். ஒரு மாணவர் தொடங்கி அடுத்த பிரிவு மாணவர் முடிக்கும்படி ஒழுங்குசெய்யலாம். புத்தாண்டுக்கு முந்திய இரண்டு வாரத்தில் மட்டும் எந்தக் கேள்விக்கொத்தோடும் கடைக்குப் போகாதீர்கள்.

ஆய்வின் முடிவு கடைக்குப் பாதகமாக வந்தால்?

வரக்கூடும். தராசு சரியில்லை என்றோ, காலாவதியான பொருள் தட்டில் இருந்தது என்றோ மாணவர் கண்டால், முதலில் முதலாளியிடம் சொல்ல வேண்டும். அறிக்கையில் எழுதிய பிறகல்ல. திருத்த அவகாசம் கொடுத்து, திருத்தியதையும் சேர்த்து எழுதலாம். ஆனால் கண்டதைக் காணாதது போல் எழுதும்படி கேட்கும் உரிமை கடைக்கு இல்லை. அப்படி எழுதும்படி சொல்லும் உரிமை மேற்பார்வையாளருக்கும் இல்லை. வாடிக்கையாளரின் உடல்நலத்தைப் பாதிக்கும் விடயமென்றால் அதே நாளில் தட்டிலிருந்து எடுக்கப்பட வேண்டும். கடையின் பெயரை மறைப்பது, இலாபத்தை வெளியிடாமல் விடுவது, போட்டியாளருக்குப் பயன்படக்கூடிய கொள்விலைகளை நீக்குவது ஆகியவற்றைக் கடை கேட்கலாம். அதற்காக அறிக்கை வெளிவருவதற்கு முன் ஒரு மாதம் வாசிக்கக் கொடுக்கும்படி உடன்படிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.